டூப்ளிகேட் என்று நான் நீக்கியவர்கள்

கோவை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, இனிமேல் இந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளப் போகிற உங்களுக்காக, “உங்க அனுபவத்துலேர்ந்து நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்” என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் அனுபவம் என்பது பெரும்பாலும் நான் செய்த தப்புகள். எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் வேலையில் சேர்ந்த அன்றே ராஜினாமா கொடுத்துவிடுவீர்கள். அதனால் இந்த டேட்டாபேஸ் பிறந்தபோது செய்ததை மட்டும் சொல்கிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். என் வீட்டில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் டெக்ஸாஸுக்கு வந்தேன். ரிச்சர்ட்சனில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. தெருவுக்குத் தெரு பெரிய பெரிய டெலிகாம் கம்பெனிகள் இருந்த ஊர் அது. அங்கெல்லாம் இன்டர்வியூவில் தோற்றவர்கள் கடைசியாக வந்து சேரும் இடம் எங்கள் ஆபீஸ். நான் அப்படித்தான் சேர்ந்தேன். எங்களுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையிலிருந்து வேலை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரம் ரோந்து போய், அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களைத் துரத்திப் பிடித்தது. அந்த ரோந்துக் கப்பல்களின் நாட்குறிப்புகள், பிடிபட்ட கப்பல்களின் விவரங்கள், அவற்றிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பதிவேடுகள், எல்லாம் மைக்ரோஃபிலிமில் கிடந்தன. அவற்றைத் தட்டச்சு செய்து, தேடிப் பார்க்க வசதியாக ஒரு சிடியில் போட வேண்டும்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மாமியார் போன் செய்து என் மனைவியிடம் விசாரித்தார். “மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலைங்கறாங்க. அவருக்குப் பஸ்ஸுலயே வாந்தி வருமே, கண்ணு?”

“கப்பல்ல இல்லீங்கம்மா. கப்பலப் பத்தி கம்ப்யூட்டர்ல ஏத்தறாரு” என்றாள் இவள்.

“அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகோணும்?” என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.

முதல் தப்பு அந்த வேலை தொடங்கிய முதல் மாதமே நடந்தது. நாட்குறிப்புகளில் ‘பிரைஸ்’ என்ற வார்த்தை அடிக்கடி வந்தது. பிரைஸ் என்றால் பரிசு, இதற்கு எதற்கு அகராதி என்று நான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் சோப்பு டப்பா வாங்கியவன்தானே நான். எந்தக் கேப்டனுக்கு எத்தனை பரிசு என்று காட்டும் ஒரு திரையை வடிவமைத்தேன். மேலே தங்க நிறத்தில் ஒரு வெற்றிக்கோப்பை. அது போதாதென்று கோப்பை மினுமினுக்கும்படி செய்தேன். அந்தக் காலத்தில் எதையாவது மினுமினுக்க வைத்தால்தான் புரோகிராமர் என்று பெயர்.

பேராசிரியை நேரில் பார்க்க வந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, ஒல்லியான உருவம், குரலை உயர்த்தவே மாட்டார். திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தக் கோப்பை எதற்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“கேப்டன் பரிசு ஜெயித்திருக்கிறார், அதற்காக” என்றேன் பெருமையாக.

“கடற்படையில் பிரைஸ் என்றால் பிடிபட்ட கப்பல்” என்றார் அவர். “இங்கே அது உள்ளே மனிதர்களைப் பூட்டி வைத்திருந்த கப்பல்.”

நான் கீபோர்டைத் தட்டி அதை நிறுத்தப் பார்த்தேன். எந்தக் கீ என்று எனக்கே மறந்துவிட்டது. கோப்பை மினுமினுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மானிட்டரையே அணைத்தேன். அன்றிலிருந்து, தெரியாத வார்த்தையைவிடத் தெரிந்த வார்த்தையிடம்தான் எனக்குப் பயம் அதிகம். ஆனால் அந்தப் பயமும் சரியான நேரத்துக்கு வந்து உதவவில்லை என்பதை இனிச் சொல்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு சமாச்சாரம். எங்கள் ஆபீஸில் இரண்டு செந்தில்குமார்கள் இருந்தோம். அவன் விருதுநகர், நான் கோபி. அவன் எனக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்தவன். அதனால் அவன் செந்தில் ஒன், நான் செந்தில் டூ. இருவருக்கும் ஒரே வயது, ஒரே வேலை. கல்யாணத்துக்கு முன் கம்பெனி பிடித்துக் கொடுத்த அபார்ட்மென்டில் ஒன்றாகத்தான் குடியிருந்தோம். எங்கள் இருவரையும் பிரித்துக் காட்டுவது அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும். அவன் பி, நான் கே. அமெரிக்க ஃபாரத்தில் செந்தில் முதல் பெயராகவும் குமார் குடும்பப் பெயராகவும் போய்விட்டன. இன்ஷியல் நடுவில் எங்கேயோ மாட்டி, டைப் அடித்தவர்கள் கையில் காணாமல் போனது. எங்கள் அப்பாக்கள் இருவரும் ஒரே ஃபாரத்தில் காலமானார்கள்.

கிரீன் கார்டுக்காக கம்பெனி எங்கள் பேப்பர்களை லாயரிடம் கொடுத்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், செந்தில் ஒன்னின் ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது. என்னுடையது இல்லவே இல்லை. ஒரே ஆள் தவறுதலாக இரண்டு முறை விண்ணப்பித்துவிட்டான் என்று நினைத்து, லாயரின் உதவியாளர் இரண்டையும் ஒன்றாக்கி, மிச்சத்தைக் கிழித்திருந்தார். கிழிந்தது நான்.

“மன்னிக்கவும், டூப்ளிகேட் மாதிரி இருந்தது” என்றார் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக.

எனக்கு ஆங்கிலம் கோபத்தில் வராது. “வீ ஆர் டூ!” என்று கத்தினேன். “நாட் ஒன்! டூ!” சாட்சிக்கு செந்தில் ஒன்னின் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் எங்களை எண்ணிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் அவன் சொன்னான்: “மாப்ள, நீ போட்ட சத்தத்துல கிரீன் கார்டு வருமான்னு தெரியல. போலீஸ் வந்துரும்னு மட்டும் நெனச்சேன்.”

என் பேப்பர்களை முதலிலிருந்து மறுபடி போட்டார்கள். ஆறு மாதம் போனது போனதுதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த உதவியாளரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ‘இரண்டு மனிதர்களை ஒரு ஆள் என்று நினைக்க ஒருவருக்கு எவ்வளவு அலட்சியம் வேண்டும்’ என்று நான் ஆற்றிய உரை எங்கள் ஊர்த் தமிழர்கள் வட்டாரத்தில் ரொம்பப் பிரசித்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விடுவிக்கப்பட்டவர்களின் பதிவேட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா, வயது, உயரம், கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம். கப்பலிலிருந்து இறங்கியவர்களை நிறுத்தி வைத்து ஒரு பிரிட்டிஷ் குமாஸ்தா எழுதியது. பெரும்பாலானவர்களைப் பற்றி இந்த உலகத்தில் எழுதப்பட்டது அந்த ஒரு வரிதான் என்று பேராசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன்.

தப்பு வராமலிருக்க அந்தப் பதிவேடுகளை இரண்டு தரப்பு தனித்தனியாகத் தட்டச்சு செய்தது. ஒன்று ஒரு ஏஜென்சி. இன்னொன்று டாலஸிலிருந்து தினமும் வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி. ஏதோ ஒரு அலுவலகத்தில் காலமெல்லாம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை ‘மேம்’ என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஹெட்போன் மாட்டிக்கொள்வேன்.

இரண்டு தரப்பு வரிகளையும் ஒன்று சேர்த்து, ஒரு ஆளுக்கு ஒரு வரி ஆக்குவது என் வேலை. ஏஜென்சிக்காரர்கள் வரிசை எண்களைச் சொதப்பியிருந்தார்கள். ஆகவே எண்ணை நம்பாமல், கப்பல், பெயர், பால், வயது, உயரம் இவ்வளவும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று புரோகிராம் எழுதினேன். அடையாளம் என்ற கடைசிப் பத்தி நீளமாகவும் கோணல்மாணலாகவும் இருந்ததால் அதை ஒப்பிடவே இல்லை. ஓட்டினேன். பட்டியல் மளமளவென்று சுருங்கியது. சுத்தமாகிவிட்டது என்ற சந்தோஷத்தில், பழைய ஃபைலின் மேலேயே புதியதை எழுதிவிட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சூடாகிறது.

மேனேஜர் சென்னைக்காரர். “சூப்பர்ப்பா, க்ளீன் பண்ணிட்ட” என்று முதுகில் தட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் சிடி அச்சுக்குப் போக வேண்டும். பேராசிரியையின் மாநாட்டில் அதை வெளியிடுவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை மேம் என் மேஜைக்கு வந்தார். “என் அய்னா எங்கே?” என்றார்.

நான் தேடிக் காட்டினேன். “இதோ இருக்கிறாளே.”

“இது வலது மணிக்கட்டில் தீக்காயம் உள்ள அய்னா. இடது கன்னத்தில் மூன்று கோடு உள்ள அய்னா எங்கே?”

பெயர் ஒன்று, வயது ஒன்று, உயரம் ஒன்று, கப்பலும் ஒன்று, குமாஸ்தா தவறிப்போய் இரண்டு முறை எழுதியிருப்பார் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “அய்னா என்றால் என்ன என்று முன்பே பேராசிரியையிடம் கேட்டிருக்கிறேன். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிப் பிறக்கிற பெண் குழந்தைக்கெல்லாம் அந்த ஊரில் அய்னா என்றுதான் பெயர். ஆண் குழந்தை என்றால் ஓஜோ. ஒரு கப்பலில் எத்தனை அய்னா வேண்டுமானாலும் இருக்கலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கொடி சுற்றிப் பிறந்தவன். தாய்மாமனுக்கு ஆகாது என்று, எண்ணெயில் என் முகத்தைக் காட்டிய பிறகுதான் மாமாவை என்னைப் பார்க்கவே விட்டார்களாம். அவர் இப்போதும் என் பக்கத்தில் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார். அந்தக் கடற்கரையில் பிறந்திருந்தால் நான் ஓஜோ.

“உங்கள் ஆபீஸில் எத்தனை செந்தில்?” என்று கேட்டார் மேம்.

“இரண்டு.”

“நீங்கள் எந்த செந்தில்?”

“டூ” என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் தட்டச்சு செய்த ஃபிளாப்பிகளின் இன்னொரு பிரதியை வீட்டில் ஒரு ஷூ டப்பாவில் போட்டு வைத்திருந்தார். “கம்ப்யூட்டர் ஆட்களை நான் நம்புவதில்லை” என்று அதற்குக் காரணமும் சொன்னார். போய் எடுத்து வந்தார். அதோடு என் சுத்தமான பட்டியலை ஒப்பிட்டேன். காணாமல் போனவர்களின் பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்தன. ஒரு பக்கம், இன்னொரு பக்கம், நிற்கவில்லை. கடற்படை துரத்திப் பிடித்து இறக்கிவிட்டவர்களை, ஏர் கண்டிஷன் அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே நான் ஒழித்திருந்தேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“யாருக்குத் தெரியும்?”

“டைப் பண்ற அம்மாவுக்குத் தெரியும் சார்.”

“ப்ரொஃபசருக்குத் தெரியாதுல்ல? அப்படியே ஷிப் பண்ணி அனுப்பிடுப்பா. அடுத்த வெர்ஷன்ல ஃபிக்ஸ் பண்ணிக்கலாம். இந்த கான்ட்ராக்ட் கேன்சல் ஆச்சுன்னா உன்னை எந்த ப்ராஜெக்ட்ல போடுவேன்? உன் பேப்பர்ஸே இப்பதான் ரெண்டாவது வாட்டி ஃபைல் ஆயிருக்கு. யோசிச்சுக்கோ.”

உடனே வீரமாக ஏதாவது சொன்னேன் என்று நினைக்காதீர்கள். “சரிங்க சார்” என்றுதான் சொன்னேன். பார்க்கிங்கில் போய் ஏசியைப் போட்டுக் காரில் உட்கார்ந்தேன். டெக்ஸாஸ் வெயிலில் தனியாக அழுவதற்கு வேறு இடம் கிடையாது. வேலை போனால் விசா போகும், விசா போனால் மூட்டை கட்ட வேண்டும். மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். அடுத்த வெர்ஷன் என்று ஒன்று எப்போதுமே வராது என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

செந்தில் ஒன் வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஏசியின் காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

“மாப்ள, அந்த லாயர் ஆபீஸ் பொண்ணை எத்தனை மாசம் திட்டுன?”

“ஏன்டா?”

“இல்ல, சும்மாதான் கேக்குறேன். ஒரு விஷயத்துல அது தேவல. நீ வந்து கத்துனதும் ஃபைலைத் திறந்து பாத்துச்சுல்ல. இவங்க யாரும் வந்து கத்த மாட்டாங்க.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். எனக்கு அவன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு உள்ளே போய், மேனேஜருக்குத் தெரியாமல் பேராசிரியைக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“எத்தனை பேர்?” என்று கேட்டார் அவர்.

“எத்தனை வரிகள் என்று எண்ணிச் சொல்கிறேன்” என்றேன்.

“எத்தனை பேர்?” என்று அதே குரலில் மறுபடி கேட்டார்.

சிடி வெள்ளிக்கிழமை போகவில்லை. மாநாட்டில் அவர் கையில் ஒன்றும் இல்லாமல் நின்று பேசினார். மேனேஜர் மூன்று வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை விட்டுத் தூக்கப் போவதாக எல்லோரிடமும் சொன்னார், ஆனால் தூக்கவில்லை. நான் எழுதியிருந்த புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ள வேறு யாராலும் முடியவில்லை என்பதே காரணம். அவ்வளவு அவலட்சணமாக எழுதியிருந்தேன். என் நேர்மை என்னைக் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கோடிங் காப்பாற்றியது.

அடுத்த சில வாரங்கள் நானும் மேமும் மைக்ரோஃபிலிம் கருவியின் முன் அடுத்தடுத்து உட்கார்ந்து, சந்தேகமான ஒவ்வொரு பெயரையும் பார்த்தோம். அவர் அடையாளங்களை வாய்விட்டுப் படிப்பார், நான் திருத்துவேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். ஒரு நாள் அசட்டுத்தனமாக, “இவர்களில் உங்கள் முன்னோர் யாராவது இருப்பார்களா?” என்று கேட்டேன். ஆறுதலாகக் கேட்பதாக எனக்கு நினைப்பு.

“இருக்க மாட்டார்கள்” என்றார். “இவர்கள் பிடிபட்ட கப்பல்களில் இருந்தவர்கள். என் ஆட்கள் பிடிபடாத கப்பலில் வந்தவர்கள்.” பிறகு அடுத்த பெயரைப் படித்தார்.

இடது கன்னத்தில் மூன்று கோடு உள்ள அய்னா திரும்பி வந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. ஒரு பக்கத்தின் கடைசி வரியில் ஓஜோ. அடுத்த பக்கத்தின் முதல் வரியில் ஓஜோ. ஒரே வயது, ஒரே உயரம். இரண்டு வரிகளிலும் அடையாளப் பத்தி காலி. எண் மட்டும் அடுத்தடுத்த எண். பக்கம் திருப்பும்போது குமாஸ்தா ஒரே ஆளை மறுபடி எழுதியிருக்கலாம். இல்லை, ஒரே பெயர் கொண்ட இருவர் அடுத்தடுத்து நின்றிருக்கலாம். ஃபிலிமை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. வயது அப்போதைய என் வயது. உயரம், ஷூ போட்டுக்கொண்டால், என் உயரம்.

“புரோகிராமர் நீங்கள். முடிவைச் சொல்லுங்கள்” என்றார் மேம்.

நான் என் வழக்கப்படி சுற்றி வளைத்தேன். “ஒரே ஆளாக இருந்து நாம் இரண்டு வரி வைத்தால், என்னை முட்டாள் என்பார்கள். அது எனக்குப் பழக்கம். இரண்டு பேராக இருந்து நாம் ஒரு வரி வைத்தால்…” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

அவர் ஃபிலிம் திரையில் விரலை வைத்தார். பிறகு இரண்டு பெயர்களையும், நடுவில் இடைவெளி விட்டு, வாய்விட்டுச் சொன்னார். ஓஜோ. ஓஜோ. நான் இரண்டு வரிகளையும் சேமித்தேன். சிடி அச்சுக்குப் போனது.

பின்னால் சிடி போய் இணையம் வந்தது. மேனேஜர் மாறினார், கம்பெனி கைமாறியது. செந்தில் ஒன் கலிஃபோர்னியா பக்கம் போனான், நான் மட்டும் கடைசிவரை டூவாகவே இருந்தேன். மேம் இறந்து பல வருடமாகிறது. ஆனால் அந்த இரண்டு ஓஜோக்கள் அதே இடத்தில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது புத்திசாலி கண்டுபிடித்துப் புகார் டிக்கெட் எழுதி அனுப்புவார்: “டூப்ளிகேட் ரெக்கார்ட். நீக்கவும்.” அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஒவ்வொரு முறையும் நானே பதில் எழுதி அந்த டிக்கெட்டை மூடிவந்தேன்.

நான் ஓய்வு பெற்ற வாரம் வந்த டிக்கெட் உங்கள் கோவை அலுவலகத்திலிருந்து வந்தது. அனுப்பியவர் கார்த்திக். உங்கள் டீமில் மூன்று கார்த்திக் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எந்தக் கார்த்திக் என்று நான் விசாரிக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, அந்த வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன், செய்தேன். இனி அந்த டிக்கெட் உங்களுக்குத்தான் வரும். மூன்று கார்த்திக்குகளில் யார் எடுத்தாலும் சரி, பதில் நான் இத்தனை வருடமாக எழுதிவந்ததுதான். இலக்கணத்தைத் திருத்தாமல் அப்படியே போட்டு மூடிவிடுங்கள்:

“தே ஆர் டூ. நாட் ஒன். டூ.”